உங்களுக்குத் தெரியுமா? மேகசினுக்குள் ஒரு ஸ்பிரிங்

பழைய துப்பாக்கி மக்கர் செய்தால் குழலைப் பார்ப்பார்கள், விசையைப் பார்ப்பார்கள். அடியில் செருகியிருக்கும் மேகசினைக் கழற்றிப் பார்ப்பவர் குறைவு. அந்தத் தகரப் பெட்டிக்குள் மடங்கிக் கிடக்கும் கம்பிச் சுருளைப் பற்றியும், கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றில் அது தொட்டுச் சென்ற இடங்களைப் பற்றியும் இந்த வாரத் துணுக்குகள்.

● மேகசினில் இருப்பவை பெரும்பாலும் நான்கே உறுப்புகள்: தகரக் கூடு, அடித்தட்டு, தோட்டாக்களைத் தாங்கி மேலேறும் சிறு தட்டு, அந்தத் தட்டை உந்தும் ஸ்பிரிங். முதல் மூன்றும் தலைமுறை தாண்டி நிற்கும். முதலில் களைத்துப்போவது நான்காவதுதான்.

● நிமிடத்துக்கு 500 தோட்டா சுடும் துப்பாக்கியில் ஒரு நொடிக்கு எட்டுத் தோட்டாக்கள் போகின்றன. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் இரும்புக் கட்டை ஒவ்வொரு முறையும் பின்னே போய்த் திரும்பி வருவதற்குள், மிச்சமிருக்கும் தோட்டா வரிசை முழுவதையும் ஸ்பிரிங் ஒரு படி உயர்த்தி முடித்திருக்க வேண்டும். கொஞ்சம் சுணங்கினாலும் கட்டை வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடும். விசையை அழுத்தினால் "டிக்" என்ற சத்தம் மட்டும் வரும்.

● எந்தத் தோட்டாவில் சிக்குகிறது என்பதை வைத்தே அனுபவசாலிகள் நோயைச் சொல்லிவிடுவார்கள். மேகசின் நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் மிகவும் அமுங்கியிருக்கும், அப்போதுதான் அதன் உந்துதல் அதிகம். காலியாகக் காலியாக உந்துதல் குறையும். ஆகவே கடைசி இரண்டு மூன்று தோட்டாக்கள் ஏறாவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். முதல் தோட்டாவே நகராவிட்டால் அளவுக்கு மீறித் திணித்திருப்பார்கள், அல்லது உள்ளே அழுக்கு அடைத்திருக்கும். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல்விளிம்பு வளைந்திருந்தாலும் பழி ஸ்பிரிங் மேல்தான் விழும். அதனால் ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் கூட்டைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

● இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் அவசர அவசரமாகத் தயாரித்த ஸ்டென் துப்பாக்கியின் மேகசின் 32 தோட்டா கொள்ளும். ஆனால் சிப்பாய்கள் 28 முதல் 30 வரைதான் போடுவார்கள். இரண்டு வரிசையாக நிற்கும் தோட்டாக்கள் மேலே வரும்போது ஒரே வரிசையாகக் குறுகும் அமைப்பு அது. ஜெர்மானியத் துப்பாக்கியின் மேகசினைப் பார்த்துச் செய்தது. அந்தக் குறுகலில் உரசல் அதிகம், சிறிது மண் சேர்ந்தாலும் அடைத்துக்கொள்ளும். ஸ்பிரிங்கோ கட்டை விரலால் அமுக்க முடியாத அளவுக்கு விறைப்பு. தோட்டா நிரப்பவே தனியாக ஒரு கருவி கொடுத்தார்கள்.

● ஆஸ்திரேலியாவின் ஓவன் துப்பாக்கிக்கு மேகசின் தலைமேல் இருக்கும். பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கும் அப்படித்தான். பார்க்க விசித்திரமாகத் தோன்றினாலும் காரணம் நல்ல காரணம்: தோட்டாவின் எடையும் அதைக் கீழே இறக்க உதவுகிறது, ஸ்பிரிங்குக்குச் சுமை ஓரளவு குறைகிறது. சேறும் மழையும் நிறைந்த மலாயாக் காடுகளில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் 1948ல் தொடங்கிய அவசரகாலத்தில், ஓவன் துப்பாக்கிக்கு நல்ல பெயர் இருந்தது.

● மேகசினில் ஸ்பிரிங்கே இல்லாத துப்பாக்கியும் உண்டு. லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியின் மேலே வட்டத் தட்டு ஒன்று கிடக்கும். துப்பாக்கி சுடும் அசைவே அந்தத் தட்டைச் சுழற்றித் தோட்டாவைத் தரும். தாம்ஸன் துப்பாக்கியின் 50 தோட்டா வட்டு மேகசின் இதற்கு நேர் எதிர். சுவர்க் கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் அதற்குச் சாவி கொடுக்க வேண்டும்.

● லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் 10 தோட்டா மேகசினில் இருப்பது சுருள்கம்பி அல்ல, முன்னும் பின்னுமாக மடித்த எஃகுப் பட்டை. மேகசினைக் கழற்றி மாட்டும் யோசனைக்கு ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879ல் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் இந்தியப் படைகளின் வழக்கமான துப்பாக்கி இதுதான்.

அந்தப் படைகளை எதிர்கொண்ட கிள்ளான் வட்டாரத்துத் தமிழருக்கு 1941 மறக்கக்கூடாத ஆண்டு. ரப்பர் தோட்டங்களில் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தக் கேட்டதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. வேலைநிறுத்தத்தை வழிநடத்தியவர் பத்திரிகையாளர் ஆர். எச். நாதன். அரசு அவரைக் கைது செய்தது, மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தது, இந்தியப் படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அருங்காட்சியகங்களில் லீ-என்ஃபீல்டைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

● "தோட்டா நிரப்பியபடியே வைத்தால் ஸ்பிரிங் செத்துப்போகும்" என்று பரவலாகச் சொல்வார்கள். ஒழுங்காகச் செய்த ஸ்பிரிங்குக்கு இது பொருந்தாது. நல்ல எஃகு, தன் மீள் எல்லைக்குள் அமுங்கி இருக்கும்வரை, சும்மா அமுங்கிக் கிடப்பதால் பெரிதாகக் களைப்பதில்லை. அதைக் களைப்பிப்பது அசைவுதான்: நிரப்புவது, காலி செய்வது, மறுபடி நிரப்புவது. ஒவ்வொரு அசைவும் கம்பியில் கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒரு மயிரிழை நீட்டுகிறது. தயாரிப்பாளர் சொன்னதற்கு மேல் ஒரு தோட்டா திணித்தால் கதை வேறு. அப்போது கம்பி தன் எல்லையைத் தாண்டி வளைந்து, பழைய நீளத்துக்குத் திரும்பாமலேயே போகலாம்.

● உடைந்த ஸ்பிரிங்கின் முறிவு முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் அது தன் கதையைத் தானே சொல்லும். ஒரு ஓரம் கருத்தோ பழுப்பேறியோ வழவழப்பாக இருக்கும். அதில் மெல்லிய வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரவியிருக்கும். மறு ஓரம் பளபளவென்று, சர்க்கரைத் துகள் ஒட்டியதுபோல் சொரசொரப்பாக இருக்கும். கருத்த பகுதி பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ மெல்ல வளர்ந்த விரிசல், பளபளப்பான பகுதி கடைசி நொடியில் பட்டென்று முறிந்த இடம். கருப்பு பெரிதாகவும் பளபளப்பு சிறிதாகவும் இருந்தால், அந்தக் கம்பி வெகுநாள் ஒற்றை இழையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அறியலாம்.

முறிவு எங்கே விழும் என்பதையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். மேகசின் ஸ்பிரிங் வட்டமாக இருக்காது, பெட்டிக்குள் அடங்க வேண்டுமே என்று நீள்சதுரமாக வளைத்திருப்பார்கள். அந்த மூலை வளைவுகளில்தான் இறுக்கம் குவிகிறது.

● கோலாலம்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஈரம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பில் துரு வேகமெடுக்கும். விரல் வியர்வையின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஊசிமுனை அளவு துருக்குழி போதும், விரிசல் அங்கிருந்தே கிளம்பும்.

● துரு போக்கப் புளியிலோ எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைப்பது வீட்டு வழக்கம். வாணலிக்கும் அரிவாள்மணைக்கும் அது சரி. விறைப்பேற்றிய ஸ்பிரிங் எஃகுக்கு அது ஆபத்து. அமிலம் இரும்பைத் தொடும்போது பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். மேலே பளிச்சென்று சுத்தமாகத் தெரியும். மறுநாள் யாரும் தொடாமலே இரண்டாக முறிந்து கிடக்கலாம். எண்ணெயும் மென்மையான தூரிகையும் பொறுமையும்தான் இங்கே மருந்து.

● தளர்ந்த ஸ்பிரிங்கைக் கையால் இழுத்து நீட்டினால் சரியாகிவிடுமா? சில நாளைக்குச் சரியானதுபோல் தெரியும். நீட்டும்போது நாம் செய்வது கம்பியை மறுபடி ஒருமுறை அதன் எல்லைக்கு அப்பால் வளைப்பதுதான். விறைப்பு கூடுவதில்லை, நீளம் மட்டும் கூடுகிறது. வேலை செய்யத் தொடங்கியதும் பழையபடி சுருங்கிவிடும்.

உடைந்த இரண்டு துண்டுகளை வெல்டிங் வைத்து ஒட்டுவது அதைவிட மோசம். ஸ்பிரிங் கம்பியின் வலு, அதைக் குளிர்ந்த நிலையில் அச்சுத் துளை வழியாக இழுத்து இழுத்து மெலிதாக்கியதால் வந்த வலு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அது போய்விடுகிறது. ஒட்டுப் போட்ட இடத்தை ஒட்டிய பகுதி கண்ணாடி போல் நொறுங்கும்படியும் அதற்குச் சற்று அப்பால் மெத்தென்றும் ஆகிவிடும். ஆகவே மேகசின் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை "பழுதுபார்ப்பது" என்றால் மாற்றுவதுதான். உரிமம் பெற்ற ஆயுதத் தொழிலாளி எவரும் முறிந்ததை ஒட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

● மாற்று ஸ்பிரிங் கிடைக்காத அரிய பழம்பொருளுக்குப் புதிதாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். அதற்குப் பயன்படும் கம்பிக்குப் பியானோ கம்பி என்று பெயர். முக்கால் முதல் ஒரு விழுக்காடு வரை கரி கலந்த எஃகு. ஒரு கட்டையின் மேல் சுற்றி விட்டதும் கம்பி சற்றே பிரிந்து அகலும். அது எவ்வளவு அகலும் என்று முன்கூட்டியே கணித்து, கட்டையைச் சிறியதாகத் தேர்ந்தெடுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. சுற்றியபின் சுமார் 230 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சூடுகாட்டினால் வளைத்தபோது உள்ளே தங்கிய இறுக்கம் தணியும். சூடு 300க்கு மேல் எகிறினால் வலு கரையத் தொடங்கும்.

● பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் வீணை கற்கும் பிள்ளைகளின் விரல் படும் சாரணித் தந்தியும் இதே குடும்பத்து எஃகுதான். இழுத்துக் கட்டினாலும் தளராமல், மீட்டினால் உடனே பழைய நிலைக்குத் திரும்புவது இரண்டுக்கும் பொதுவான குணம்.

● கம்பியின் தடிமன் 10 விழுக்காடு கூடினால் ஸ்பிரிங்கின் விறைப்பு எவ்வளவு கூடும்? 46 விழுக்காடு! தடிமனின் நான்காம் படிக்கு ஏற்ப விறைப்பு உயர்வதுதான் காரணம். "கொஞ்சம் தடித்த கம்பியாக இருந்தால் நல்லதுதானே" என்று மாற்றிப் போட்டவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

சுற்றுகளைக் குறைத்தாலும் விறைப்பு ஏறும். ஆறு சுற்றில் இரண்டை வெட்டினால் மிச்சம் ஒன்றரை மடங்கு விறைப்பாகும். காரைத் தாழ்வாக்க வேண்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டிவிட்டு, ஓட்டும்போது முதுகு உடைகிறதே என்று புலம்பும் நம் இளைஞர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். வெட்டிய நுனி தன் இருக்கையில் சரியாக உட்காராது என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

● எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு என்ற ஸ்பிரிங் விதியைக் கண்டவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்று 1676ல் அதை எழுத்துகள் கலைந்த புதிராக அச்சிட்டார். இரண்டு ஆண்டு கழித்து 1678ல்தான் விடையை வெளியிட்டார்.

● போர்ச்சுகீசியர் 1511ல் மலாக்காவைப் பிடித்தபின் மலாய் உலகில் பரவிய திரித் துப்பாக்கி இஸ்திங்கார். அதன் விசைக்கு எஃகு ஸ்பிரிங் கிடையாது, பித்தளைத் தகட்டை மடித்துச் செய்ததுதான். இலங்கையின் பழைய துப்பாக்கிகளும் ஜப்பானின் தானேகாஷிமாவும் இதே வம்சம். பித்தளையைச் சூடாக்கி நீரில் முக்கினால் கடினமாகாது. குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டத் தட்டத்தான் விறைக்கும். நம் ஈரக் காற்றில் அது எஃகைப் போல் துருப்பிடித்து அரிபடாது என்பது கூடுதல் நன்மை. அந்தக் கொல்லர்கள் தங்கள் ஊரின் வானிலையை நன்றாக அறிந்தவர்கள்.

● கிள்ளானில் இருக்கும் கெடோங் ராஜா அப்துல்லா 1850களில் எழுந்த கட்டடம். வெள்ளீயமும் உணவும் மட்டுமல்ல, ஆயுதங்களும் அங்கே சேமித்து வைக்கப்பட்டன. கிள்ளானைப் பிடிக்கச் சிலாங்கூர் அரச குடும்பத்து ராஜா மஹ்டி 1867ல் தொடங்கிய சண்டைதான் சிலாங்கூர் உள்நாட்டுப் போராக வளர்ந்தது.

● ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடிய மலாயா மக்கள் படைக்கு, இலங்கையிலிருந்து பறந்துவந்த பிரிட்டிஷ் விமானங்கள் பாராசூட்டில் ஆயுதம் இறக்கின. ஸ்டென் துப்பாக்கிகளும் அவற்றில் இருந்தன. போர் முடிந்து 1945 டிசம்பரில் படையைக் கலைத்தபோது, ஆயுதத்தை ஒப்படைத்தவருக்குத் தலைக்கு 350 வெள்ளி கொடுத்தார்கள். எல்லாம் வந்து சேரவில்லை. காட்டில் புதைத்து வைத்ததும் நிறைய. 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தபோது அவை மீண்டும் வெளியே வந்தன. மலாயா மண்ணின் ஈரத்தில் கிடந்த மேகசின்களில் ஸ்பிரிங் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை மேலே படித்த நீங்களே ஊகிக்கலாம்.

● அதே அவசரகாலச் சட்டத்தில், அனுமதியின்றிக் கையில் துப்பாக்கி இருந்தாலே தூக்கு. தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதி, மலாயாவின் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தலைவராக உயர்ந்த தமிழர். இந்திய தேசிய ராணுவத்திலும் இருந்தவர். 1949 மார்ச் 1ஆம் தேதி ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டப் பக்கம் பிடிபட்டார். குற்றச்சாட்டு: ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தது. யாரையும் சுட்டதாக அந்தக் குற்றச்சாட்டில் இல்லை. கைதாகி இரண்டு மாதம் முடிந்த சில நாளிலேயே, மே 4ஆம் தேதி, கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் இன்னொரு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். புடு சிறைக் கட்டடம் இன்று இல்லை. கணபதியின் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் அறியாமல் வளர்வது எனக்குப் பெரும் வருத்தம்.

● இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாகச் சிங்கப்பூரில் 1943 அக்டோபரில் பயிற்சி முகாம் திறந்த ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். பால்மரம் சீவிய கைகள் அங்கே துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டக் கற்றன. கோலாலம்பூரின் ஜானகி தேவர் பதின்வயதில் சேர்ந்து, படையின் இரண்டாம் நிலைத் தலைவராக உயர்ந்தார். ஜானகி ஆதி நாகப்பன் என்று பின்னாளில் அறியப்பட்ட அவருக்கு இந்திய அரசு 2000ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

● தமிழ்நாட்டின் திருச்சியில் 1966 முதல் இருக்கிறது துப்பாக்கித் தொழிற்சாலை. நம் சிலாங்கூரில் பழைய நிலக்கரி ஊரான பத்து ஆராங்கில் எஸ்எம்இ ஆர்ட்னன்ஸ் நிறுவனம் ஆயுதமும் தோட்டாவும் செய்கிறது. மலேசிய ராணுவம் நெடுங்காலம் வைத்திருந்த ஸ்டெயர் துப்பாக்கியின் மேகசின், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். எத்தனை தோட்டா மிச்சம், ஸ்பிரிங் ஒழுங்காக நிற்கிறதா என்பதைக் கழற்றாமலே பார்த்துவிடலாம்.

● கோலாலம்பூரில், முன்பு தாமான் தாசிக் பெர்டானா எனப்பட்ட பூங்காவின் பக்கம் போலீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அவசரகாலத்தில் பிடிபட்ட ஆயுதங்கள் உட்படப் பலவற்றை அங்கே பார்க்கலாம். அருங்காட்சியகத் துப்பாக்கியின் மேகசினில் ஸ்பிரிங் முறிந்திருந்தால் என்ன செய்ய வேண்டும்? புதிதாகப் போட்டு ஓடவைப்பது அங்கே நோக்கமே அல்ல. முறிந்த துண்டைச் சுத்தம் செய்து, மெழுகுப் பூச்சு கொடுத்து, எந்த மேகசினிலிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பத்திரப்படுத்துவதுதான் முறை. முறிந்த கம்பியும் சான்றுதான். யாரோ ஒரு காட்டில் வெகுகாலம் அதை வைத்துச் சமாளித்தார்கள் என்பதற்கு அதன் துருவும் விரிசலும் சாட்சி. புதுக் கம்பியைப் போட்டுப் பழையதைக் குப்பையில் வீசினால் அந்தச் சாட்சி போய்விடும். நம் பக்கத்துப் பழம்பொருள் சேகரிப்பாளர்கள் தையல் மெஷினுக்கும் கடிகாரத்துக்கும்கூட இந்த முறையைக் கடைப்பிடிக்கலாம்.

● கடைசியாக, மிக முக்கியமான துணுக்கு. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியின் ஓர் உறுப்பும் ஆயுதமாகவே கருதப்படும். துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். "வெறும் தகரப் பெட்டிதானே, உள்ளே ஒரு கம்பிதானே" என்ற வாதம் நீதிமன்றத்தில் உதவாது. பழைய தோட்டத்து லயத்தை இடிக்கும்போதோ, ரப்பரை அழித்துச் செம்பனை நட மண்ணைக் கிளறும்போதோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ துருப்பிடித்த மேகசின் ஒன்று அகப்பட்டால் அதைத் திறக்காதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், ஸ்பிரிங் மாற்றலாமா என்று பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள். உள்ளே எண்பது ஆண்டுத் தோட்டா இன்னும் உயிரோடு இருக்கலாம். பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டு, அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ 999க்கோ உடனே சொல்லுங்கள்.